ஸ்தோத்திரத்தின் முதல் எழுத்து

மூப்பர் ஜெபிக்க எழுந்ததுமே பல்லுக்காரன் முன்னெச்சரிக்கையாகக் குனிந்து, நெற்றியை முன் பெஞ்சின் முதுகில் முட்டுக் கொடுத்துக்கொண்டான். சபையில் எல்லோரும் கண்களை மூடினார்கள். மூப்பர் மட்டும் மூடவில்லை. யார் யார் மூடவில்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் அவர் மூடுவது வழக்கம். தொண்டையைச் செருமினார். கோட்டின் முனைகளைக் கீழே இழுத்துவிட்டார். ஆண்டவர் எழுந்து நின்று கவனிப்பதற்கு அவகாசம் கொடுப்பதுபோல ஓர் இடைவெளி விட்டார். பிறகு தொடங்கினார்.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே."

முதல் எழுத்திலேயே விசில் வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் கிடையாது. சாத்தாத ஜன்னலின் இடுக்கில் காற்று நுழையும்போது வருமே, அதுபோல மெல்லியதாக, இழுவையாக, முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிற ஒரு விசில். "பரிசுத்தரே" என்றார், இன்னொன்று வந்தது. "சகல சிருஷ்டிகளையும் சிருஷ்டித்த" என்று தமக்கு மிகவும் பிடித்த வரிக்கு அவர் வந்து சேர்ந்தபோது ஒரு குட்டி ரயிலே ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிப் போனது. பல்லுக்காரனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூச்சைப் பிடித்துப் பார்த்தான். மூக்கு வழியாக ஒரு கேவல் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையலக்கா, எப்போதும்போல, கண்ணைத் திறக்காமலேயே தன் கைக்குட்டையை அவன் மடியில் போட்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவன் கண்கள் சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. போதகரின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுதுடுங்க தம்பி, அடக்காதீங்க."

"அடக்க முடியலீங்கம்மா" என்றான். அது பொய்யில்லை.

அந்தச் சபையில் ஆறுதல் கமிட்டி என்று ஒன்று உண்டு. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் இருந்தார்கள். ஆறுதலுக்குப் பொருளாளர் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மனைவியையும் மகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன் என்பதால் கமிட்டி அவனைத் தன் முதன்மையான பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கூட்டமாக வருவார்கள், நாற்காலி போதாமல் கட்டிலில் உட்காருவார்கள், இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்பார்கள், அவன் போட்டுக் கொடுத்த தேநீரில் சர்க்கரை குறைவு என்று தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு முயன்றும் வராத கண்ணீர் மூப்பர் ஜெபித்தால் மட்டும் வருகிறதே என்பதைக் கமிட்டி கண்டுபிடித்துத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. அன்றிலிருந்து மூப்பரின் ஜெபம் நீளத் தொடங்கியது. ஜெபம் நீண்டால் விசிலும் பெருகும் என்பது பல்லுக்காரன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஏனென்றால் மூப்பரின் வாயிலிருந்த பல் செட்டைச் செய்தவனே அவன்தான். பல் மருத்துவமனையின் பின்னறையில் அவனுக்கு வேலை. முன்னறையில் குளிர்சாதனமும் மீன்தொட்டியும் டாக்டரும் இருப்பார்கள். பின்னறையில் மெழுகும் அச்சு மாவும் அரமும் அவனும் இருப்பார்கள். டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார், இவன் பல்லைச் செய்து அனுப்புவான். சபையின் முன்வரிசைப் புன்னகையில் பாதி அவன் கைவேலை. அதனாலேயே அவனோடு பேசும்போது பெரிய மனிதர்கள் உதட்டைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வார்கள்.

அவன் மனைவிக்கு ஒரு வியாதி இருந்தது. ஆராதனையில் சிரிப்பு வந்தால் அவளால் நிறுத்த முடியாது. வெளியில் எவ்வளவு பெரிய வேடிக்கை நடந்தாலும் லேசாகப் புன்னகைத்துவிட்டுப் போகிறவள், சபைக்குள் ஒரு கிழவர் தும்மினால் போதும், முடிந்தது கதை. மகளுக்கு அது தாய்வழிச் சொத்தாக வந்து சேர்ந்திருந்தது. அதற்காகவே கடைசி பெஞ்சைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருமுறை அறிவிப்பு வாசித்தவர் "ஐக்கிய விருந்து" என்பதை "ஐயோ விருந்து" என்று வாசித்துவிட, மகள் கீழே விழாத காசைத் தேடுவதுபோல பெஞ்சுக்கு அடியில் போனவள் ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை மேலே வரவில்லை. அவன்தான் அவர்களுக்குப் போலீஸ். நேராகப் பார்த்தபடி, முகத்தில் பக்தி குறையாமல், மனைவியின் முழங்கையைக் கிள்ளுவான்.

"கிள்ளாதீங்க. நீங்க கிள்ளினாத்தான் இன்னும் அதிகமா வருது" என்பாள் அவள், கண்ணீர் வழிய.

ஒருநாள் மகள் அவன் காதில் கேட்டாள்: "அப்பா, ஏசப்பா சிரிப்பாரா?"

"ஷ்ஷ். முடியட்டும், அப்புறம் சொல்றேன்."

ஆராதனை முடிந்தது. அவன் சொல்லவில்லை. அவளும் மறந்துபோய் வெளியே ஓடிவிட்டாள். ஒழுங்காகப் பதில் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பான்.

மச்சினிச்சியின் கல்யாணத்துக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் வேனில் போவதாக இருந்தது. ஆனால் மூப்பர் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குத் தலைமை தாங்க இருந்தார். பழைய பல் செட் ஆடுகிறது, புதிது உடனே வேண்டும் என்று டாக்டரிடம் ஆள் மேல் ஆள் அனுப்பினார். "வாக்கு குடுத்திருக்குப்பா, கர்த்தருடைய காரியம்" என்றார். யாருடைய வாக்கு, யாருடைய காரியம் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. நீங்கள் முன்னால் போங்கள், நான் காலையில் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன் என்று மனைவியையும் மகளையும் அனுப்பினான். மகள் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டி அவனுக்குப் பழிப்புக் காட்டினாள். மழையில் ஒரு வளைவில் லாரி ஒன்று நின்றிருந்தது வேன்காரனுக்குத் தெரியவில்லை. போன் வந்தபோது அவன் மெழுகில் மூப்பரின் முன்பற்களை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அவன் பின்னறைக்குத்தான் வந்தான். மேஜைமேல் அந்தப் பற்கள் பாதியில் நின்றிருந்தன. உட்கார்ந்தான். கைகள் தம் பாட்டுக்கு வேலையை முடித்தன. எப்படிச் செய்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. டாக்டர் பொருத்திப் பார்த்து, கச்சிதம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் புதிய பற்களோடு மேடையேறி அவனைச் சுட்டிக்காட்டினார். "இந்தச் சகோதரன் ஏன் அந்த வேனில் ஏறவில்லை? என் பல் செட்! ஆம், பிரியமானவர்களே, என் பல் செட்டைக்கொண்டு கர்த்தர் இவரைக் காப்பாற்றினார்!" சபை ஆமென் என்றது. பல்லுக்காரனுக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. அப்போதுதான் கவனித்தான். ஒவ்வொரு 'செட்'டிலும், 'சகோதர'னிலும் ஒரு விசில். தன்னை அறியாமல் இடது பக்கம் திரும்பி, கிள்ளுவதற்குக் கையை நீட்டினான். விரல்களுக்குப் பெஞ்சின் பலகைதான் அகப்பட்டது. சிரிக்க வேண்டியவர்கள் இல்லை. அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இடம் தேடி அலைந்துவிட்டு, வேறு வழியில்லாமல், அவனுக்குள் வந்து இறங்கியது. வாழ்நாளில் முதல்முறையாக அவன் சபையில் சிரித்தான். சுற்றியிருந்தவர்கள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஒரு விசிலை நம்பித்தான் வாரங்கள் நகர்ந்தன. மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கதவைத் திறப்பான், மூடுவான். ஜெபிக்கலாம் என்று மண்டியிட்டால் கால் மரத்துப்போகும், எழுந்துவிடுவான். ஆண்டவர் இருக்கிறார் என்பதற்கு மற்றவர்கள் சூரியனையும் கடலையும் காட்டினார்கள். அவனுக்கு மூப்பரின் முன்பல் ஒன்றுதான் அத்தாட்சி. மனைவி அங்கே போய் யார் காலையோ பிடித்து இதை ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று நினைப்பான். செய்யக்கூடியவள்தான்.

இந்த நிலையில் ஒரு வியாழக்கிழமை மதியம் மூப்பர் பின்னறைக்கு வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"தம்பி, விசில் அடிக்குதாம்ப்பா."

பல்லுக்காரனின் கையிலிருந்த அரம் நின்றது. "யாருங்கய்யா சொன்னா?"

"வீட்டுலதான். இத்தனை நாளா சொல்லல பாரு. நேத்து ஒரு சின்னப் பேச்சுவார்த்தை. அதுல கோவத்துல சொல்லிட்டா. 'ஊருக்கே விசிலடிக்கிறீங்க, என்கிட்ட என்ன அதிகாரம்'னு." மூப்பர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த ஞாயிறு சாட்சி ஆராதனை. வெளியிலேர்ந்து பெரிய போதகர் வர்றார். ஆரம்ப ஜெபம் நான். சாட்சி நீ. கமிட்டியில முடிவு பண்ணியாச்சு."

"நான் என்னங்கய்யா சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு. கர்த்தர் எப்படிக் காப்பாத்தினார், எப்படித் தேத்தினார். என் பல்லு விஷயத்தையும் ஒரு வார்த்தை சேத்துக்கோ."

சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்று, பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. திரும்பியபோது அது வேறு முகம். கன்னங்கள் உள்ளே போய், மூக்கு இறங்கி, தாடை மேலே ஏறி, தொலைந்துபோன ஒரு குழந்தையைப் போல இருந்தார். அந்தக் கோட்டு யாரோ மாட்டிவிட்டதுபோல் தொங்கியது. போகவேண்டியவர் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். பேசினார். பல் இல்லாத வாயில் சொற்கள் ஈரமாக, உருவம் இல்லாமல் வந்தன. பல்லுக்காரனுக்கு அந்த மொழி பழக்கம்.

"அந்தப் பல்லு கதைய நான் சொல்றப்ப உனக்குக் கஷ்டமா இருக்காப்பா?"

அவன் பல் செட்டை மேஜைமேல் வைத்தான்.

"எனக்கு வேற சொல்லத் தெரியல. உன்னைப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது. அவசரப்படுத்தினது நான்தானே. நான் சும்மா இருந்திருந்தா நீயும் அவங்களோட போயிருப்ப. இல்ல, நீ இருந்திருந்தா, எங்கயாவது டீ குடிக்க வண்டிய நிறுத்தச் சொல்லியிருப்ப, நேரம் மாறியிருக்கும். எப்படி யோசிச்சாலும் என் பல்லுலதான் வந்து நிக்குது. அதான், அதைத் தூக்கிக் கர்த்தர் தலையில போட்டுட்டேன். அவர் தாங்குவார்."

அந்த அறையில் நாற்காலி ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் பல்லுக்காரனும் உட்கார்ந்திருப்பான். "சனிக்கிழமை வாங்கய்யா" என்றான்.

"அதுவரைக்கும் எப்படி வெளிய தலைகாட்டுறது? பழசும் ஒடஞ்சுபோச்சு." மூப்பர் யோசித்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் பழைய மூப்பர் திரும்பி வந்தார். "உபவாசம்னு சொல்லிடுறேன். மௌன உபவாசம்."

மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. பெரிய ஆராதனைக்காக மூப்பர் சாப்பாட்டையும் பேச்சையும் துறந்து அறையைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கிறார் என்று கமிட்டி உருகியது. உள்ளே அவர் பாலில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவிக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

பல் செட் மேஜைமேல் இருந்தது. பெரிய வேலை இல்லை. முன்பற்களுக்குப் பின்னால், நாக்கின் நுனி போய்த் தொடுகிற இடத்தில், ஒரு சின்னத் தடிப்பு. ராவி எடுத்து வழவழப்பாக்கினால் முடிந்தது. தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடலாம். அவன் வெள்ளிக்கிழமை முழுவதும் அதைத் தொடவில்லை. வேறு யார் யாருடைய கடைவாய்ப் பற்களையோ செய்தான். சனிக்கிழமை மதியம் அரத்தைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது இளஞ்சிவப்பு மெழுகுத் துண்டு கையில் பட்டது. பள்ளி விடுமுறையில் மகள் இங்கே வந்து உட்கார்ந்து, மிட்டாய் மாதிரி இருக்கிறதே என்று கடித்து வைத்தது. ஒரு பக்கம் மேல்வரிசை, மறுபக்கம் கீழ்வரிசை. விழுந்த பல்லுக்கு ஒரு இடைவெளி. வெயில் காலத்தில் உருகிவிடுமோ என்று ஜன்னலுக்கு எதிர்ப்பக்க இழுப்பறையில் வைத்திருந்தான்.

அவன் கண்ணை மூடினான். மண்டியிடவில்லை, அந்த அறையில் இடமும் இல்லை. "ஆண்டவரே, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க. நான் ஒண்ணும் கேக்கல. இது ஒரு விசிலு. இதை மட்டும் விட்டு வைங்க" என்றான். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாயைத் திறந்து கேட்டது இதையா?

பதிலுக்கு மூப்பரின் உள்ளே போன கன்னங்கள்தான் நினைவுக்கு வந்தன. மனைவியாக இருந்தால் முதலில் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்ங்க, சரி பண்ணிக் குடுத்துடுங்க" என்றிருப்பாள். இரண்டும் ஒரே மூச்சில். அந்த இரண்டாவது பாதியும் தன் தலையில்தான் விழும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கை அரத்தை எடுத்தது. விசிலைச் செய்தபோதும் கை அவனைக் கேட்கவில்லை, அழித்தபோதும் கேட்கவில்லை. வெள்ளைத் தூள் கொஞ்சம் மேஜைமேல் விழுந்தது. ஊதினான்.

மூப்பர் வந்து பல் செட்டை மாட்டிக்கொண்டார். "சொல்லிப் பாருங்கய்யா."

"ஸ்தோத்திரம்." சுத்தமாக வந்தது. "ஸ்தோத்திரம்! பரிசுத்தம்! சகல சிருஷ்டி!" கண்ணாடி முன்னால் நின்று குழந்தையைப் போலச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "போயிடுச்சாப்பா?"

"போயிடுச்சுங்கய்யா."

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. பெரிய போதகர் பெரிய நாற்காலியில் அமர்ந்திருந்தார். உபவாசத்தால் மூப்பரின் முகம் பிரகாசிப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, தொடங்கினார். பல்லுக்காரன் பழக்கதோஷத்தில் நெற்றியை முன் பெஞ்சில் வைத்துக் காத்திருந்தான். ஸ்தோத்திரம் போனது. பரிசுத்தம் போனது. சகல சிருஷ்டியும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. விசில் இல்லாதபோதுதான் மூப்பர் என்ன சொல்கிறார் என்பது காதில் விழுந்தது. போன வாரம் சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி" என்று பக்கத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "இன்னிக்கு வண்டி கெளம்பல?"

கண்ணைத் திறந்து பார்த்தான். தையலக்கா மூடிய கண்களோடு நேராக உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்ன வண்டிக்கா?"

"விசிலு."

"உங்களுக்கும் கேக்குமா?"

"எனக்கென்ன காது செவிடா? கைக்குட்டைய மொதல்ல என் வாயில அடைச்சுட்டு, அப்புறம்தான் உங்களுக்குத் தருவேன். ஓரமெல்லாம் கடிச்சிருக்கும், பாத்ததில்ல?" மடியிலிருந்த கைக்குட்டையைத் தடவினாள். "எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நான் சிரிக்கிற ஒரே எடம் இந்த பெஞ்சுதான். நீங்களும் சிரிக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் இங்கயே உக்காருறேன். யாரு அதைச் சரி பண்ணித் தொலைச்சது?"

"நான்தான்க்கா."

அவள் கண்ணைத் திறந்து அவனை முழுதாகப் பார்த்தாள். "நல்ல வேலை பண்ணீங்க, போங்க" என்றாள்.

ஆமென் என்று சபை முழங்கியது. மூப்பர் மேடையிலேயே நின்று, சாட்சி சொல்லப்போகிறவரை அறிமுகம் செய்ய ஆரம்பித்தார். "நீங்கள் எல்லோரும் அறிந்த சகோதரன். இவர் ஏன் அந்த வேனில் ஏறவில்லை? என் பல்..." அவன் இருந்த பக்கம் அவர் பார்வை வந்தது. வாய் திறந்தபடி நின்றது. கமிட்டித் தலைவர் ஆமென் சொல்லத் தயாராக முன்னால் சாய்ந்திருந்தார். மூப்பர் வாயை மூடினார். "வாப்பா" என்றார், மைக்கில் பேசுகிற குரலில் இல்லாமல். பெரிய போதகருக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேடை வரைக்கும் நடப்பது பெரிய காரியமாக இருந்தது. முதுகைத் தட்டுவதற்கு இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. மேலே ஏறித் திரும்பி நின்றபோதுதான் அவனுக்கு ஒன்று தெரிந்தது. கடைசி பெஞ்ச் மறைவான இடமே இல்லை. இங்கிருந்து பார்த்தால் அதுதான் நேராகக் கண்ணில் படுகிறது. மனைவி வாயைப் பொத்தியதும், மகள் பெஞ்சுக்கு அடியில் போனதும், அவன் கிள்ளியதும், எல்லாமே ஒவ்வொரு வாரமும் இங்கே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அங்கே தையலக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இடம் இருந்தது.

சாட்சி என்றால் ஸ்தோத்திரம் என்றுதான் தொடங்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. தேறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. தேறவில்லை என்று சொன்னால் கமிட்டி மறுபடி வீட்டுக்கு வரும். ஒரு விசில் இருந்தது, அதையும் நானே ராவித் தள்ளிவிட்டேன் என்பதை எந்த வேத வார்த்தையில் போட்டுச் சொல்வது? மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"ஸ்..." என்றான்.

அடுத்த எழுத்து வரவில்லை. நாக்கின் நுனி முன்பற்களுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அழுகையா சிரிப்பா, எது முதலில் வரும் என்று அவனுக்கே தெரியாத ஒன்று நெஞ்சிலிருந்து ஏறி அந்த இடுக்கில் வந்து நெரிந்தது. ஒலிபெருக்கி அதை வாங்கிச் சபை முழுவதும் பரப்பியது. மெல்லியதாக, இழுவையாக, முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறி.

மேடையில் உட்கார்ந்திருந்த மூப்பர் பதறிப்போய்த் தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் கைக்குட்டை மேலே எழுந்தது.